ஒரு மணி நேரச் சிவப்பு

"ஈ.எஸ்.ஆருக்கு ஒரு மணி நேரம் ஆகும்ண்ணா, அம்மாவுக்குக் காபி வாங்கிக் குடுத்துட்டு வாங்க" என்றது லேப் பெண்.

நான் நகரவில்லை. ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்ற கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே வெளிர்மஞ்சளாக ஒரு கோடு. கீழே சிவப்பு, மெல்ல மெல்ல இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் ஈ.எஸ்.ஆர்.

சிவப்பணு ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அணுவின் மேற்பரப்பில் இருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளின் உபயம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சட்டென்று படியாது. உடம்பில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். அந்தத் தள்ளலையும் மீறி, அணுக்கள் நாணயம் அடுக்கினாற்போல ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனமானது, வேகமாக இறங்கும்.

ஸ்வீடன்காரர் ராபின் ஃபோரேயுஸ் 1921-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்.

எனக்குப் பிடித்தது வேறு. ரத்தம் வேகமாக ஓடினால் அந்த அடுக்கு கலைந்து, ரத்தமே இளகிவிடும். தேன் அப்படி இளகாது. 8 மைக்ரான் அகல அணு தன்னைவிடக் குறுகிய தந்துகிக்குள், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய்க்குள், மடங்கி நுழைந்து, அந்தப் பக்கம் பழைய வடிவத்தில் வெளியே வரும். உடம்புக்குள் இத்தனை வித்தை!

ரிசல்ட் வந்தது: 38.

அம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாஸா, ஃபெயிலா?"