ஃபைல் சர்வரை டொமைனில் சேர்த்த அனுபவம்

தக்கலையில் ஒரு முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். முப்பது பேரும் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில்தான், அதாவது எல்லாருடைய கணக்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பில்தான், லாகின் செய்கிறார்கள். பில், ஷிப்பிங் பேப்பர், தர அறிக்கை எல்லாம் இருப்பது ஒரு டெபியன் லினக்ஸ் சர்வரில். லினக்ஸ் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள் சம்பா. அங்கே அதற்குத் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. "தம்பி, ஒரு ஆளுக்கு எத்தன பாஸ்வேர்டு வேணும்?" என்று கணக்குப் பிரிவு அக்கா ஒவ்வொரு மாதமும் கேட்பார்.

ஆனால் என்னை வேலையில் இறங்க வைத்தது வேறொன்று. வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை டொமைனில் அன்றைக்கே முடக்கியிருந்தோம். சம்பாவில் அது மூன்று மாதமாகத் திறந்தே கிடந்தது. இனி இரண்டு பட்டியல் கூடாது என்று முடிவெடுத்தேன்.

சம்பா, டொமைன் யூசர்களை லினக்ஸுக்குக் காட்டும் வின்பைண்ட், டிக்கெட் கொடுத்து அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஆகியவற்றின் பேக்கேஜ்களைப் போட்டேன். சம்பாவின் எஸ்எம்பி.கான்ஃப் கோப்பில் செக்யூரிட்டி என்ற இடத்தில் ஆட்ஸ் (ஆக்டிவ் டைரக்டரி), ரியல்ம் என்ற இடத்தில் டொமைன் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில். இது பத்து நிமிட வேலை. அதன் பிறகு இரண்டு நாள் ஓடிப்போனது. அந்த இரண்டு நாளில் சம்பாவில் ஒரு தவறும் இல்லை.

முதல் சிக்கல், பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டிஎன்எஸ். டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவுகளைக் கேட்டுத்தான் என் சர்வர் தெரிந்துகொள்ளும். என் சர்வரோ ரவுட்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. ரவுட்டருக்கு எங்கள் டொமைனைப் பற்றி என்ன தெரியும்? டிஎன்எஸ் முகவரியாக டொமைன் கன்ட்ரோலரை மட்டும் கொடுத்தேன். இரண்டாவது முகவரியாக வெளி டிஎன்எஸ் எதையும் வைக்காதீர்கள், ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. எட்சி ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் பெயருக்கு எதிரே டெபியன் எழுதி வைத்திருந்த 127.0.1.1 என்பதையும் எடுத்துவிட்டு, உண்மையான ஐபியையும் முழுப் பெயரையும் எழுதினேன்.

அடுத்தது நேரம். கேஇனிட் கட்டளை கெர்பரோஸ் டிக்கெட் வாங்கித் தந்துவிட்டது. அதனால் கெர்பரோஸ் சரி என்று நம்பிவிட்டேன். டொமைனில் சேர்க்கும் நெட் ஆட்ஸ் ஜாயின் கட்டளை கொடுத்தால் 'க்ளாக் ஸ்க்யூ டூ கிரேட்' (கடிகார வித்தியாசம் அதிகம்) என்று நிற்கிறது. சர்வர், டொமைன் கன்ட்ரோலர் இரண்டின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது, கெர்பரோஸின் வழக்கமான வரம்பு அது. என் சர்வர் ஏழு நிமிடம் பின்னால் இருந்தது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, மழை வந்தால் கரண்ட் போகும், யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிடும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும், போர்டில் இருந்த பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. பேட்டரியை மாற்றினேன். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி போட்டு, டொமைன் கன்ட்ரோலரையே நேரம் கேட்கும்படி செய்தேன். அப்புறம் ஜாயின் கொடுத்ததும் உடனே சேர்ந்தது.

வின்பைண்டிடம் கேட்கும் டபிள்யூபிஇன்ஃபோ கட்டளை டொமைனின் எல்லாப் பெயர்களையும் காட்டியது. ஆனால் லினக்ஸிடம் கேட்கும் கெட்என்ட் passwd கட்டளையில் ஒருவர் பெயரைக் கேட்டால் பதில் இல்லை. வின்பைண்டுக்குத் தெரிந்தது லினக்ஸுக்குத் தெரியவில்லை. லிப்என்எஸ்எஸ்-வின்பைண்ட் என்ற பேக்கேஜைத் தனியாகப் போட்டு, லினக்ஸ் யூசர் பெயர்களை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் passwd, group இரண்டு வரியிலும் வின்பைண்ட் என்று சேர்த்தேன். வந்துவிட்டது.

இதையெல்லாம் விட முக்கியமானது ஐடி மேப்பிங். ஒவ்வொரு விண்டோஸ் யூசருக்கும் லினக்ஸில் ஒரு எண் வேண்டும். இதற்கு முன் வேறொரு இடத்தில் நான் டிடிபி முறையில் விட்டிருந்தேன். முதலில் யார் வருகிறாரோ அவருக்கு முதல் எண், அடுத்தவருக்கு அடுத்த எண். அந்தக் கணக்கு சர்வருக்குள் ஒரு கோப்பில்தான் இருக்கும். அங்கே சிஸ்டம் டிஸ்க் போனது, டேட்டா டிஸ்க் பிழைத்தது. புதிய சர்வரில் மாட்டினேன். எண்கள் வேறு வரிசையில் போனதால், ஒருவருடைய சம்பளக் கோப்பு வேறொருவர் பெயரில் நின்றது. ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்து உரிமையை மாற்றி முடிக்க ஒரு இரவு முழுக்க ஆனது.

ஆகவே இங்கே ஆர்ஐடி முறையை எடுத்தேன். ஒவ்வொரு யூசருக்கும் டொமைன் ஏற்கெனவே தந்திருக்கும் எண்ணோடு (அதுதான் ஆர்ஐடி) வரம்பின் தொடக்கத்தைக் கூட்டிவிடும். வரம்பை 10000 முதல் 999999 வரை வைத்தால், 1106 எண் கொண்டவர் எந்த சர்வரிலும் 11106தான். நம் டொமைனைச் சேராத உள்கணக்குகளுக்கான, நட்சத்திரக் குறி போட்ட பொது வரம்பு தனியாக, 3000 முதல் 7999 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியக் கூடாது. கோப்புகளைக் கொண்டுவரும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால் எல்லாக் கோப்பின் உரிமையையும் திருத்த வேண்டிவரும்.

திங்கட்கிழமை காலையில் அக்கா தன் கணினியில் லாகின் செய்து பில் ஃபோல்டரைத் திறந்தார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. "மாத்திட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குள் இன்வாய்ஸ் எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்.