டீமுக்கு ஆள் எடுக்கும்போது எந்த நாடு என்று பார்க்கணுமா?

புது ப்ராஜெக்டுக்கு ஆள் சேர்க்கும்போதெல்லாம் ஒரு எக்செல் ஷீட் வந்து சேரும். பெயர், அனுபவம், தெரிந்த தொழில்நுட்பம், எப்போது சேர முடியும், அப்புறம் 'நாடு'. அந்தக் கடைசிக் கட்டம் எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவருக்கு அது நேர வித்தியாசம். இன்னொருவருக்கு விசா. வேறொருவர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

பல நாடுகளில் சிதறிக்கிடக்கும் மென்பொருள் டீம்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. நான் பார்த்தவரை, 'எந்த நாடு' என்று கேட்கிறவர்கள் உண்மையில் வேறு எதையோ தெரிந்துகொள்ள நினைக்கிறார்கள். எங்கே உட்கார்ந்து வேலை செய்வார், எந்த நேரத்தில் கிடைப்பார், பேசினால் புரியுமா, சட்டச் சிக்கல் வருமா? இவற்றில் சட்டமும் விசாவும் மட்டும்தான் பாஸ்போர்ட்டைப் பற்றியவை. மற்றதையெல்லாம் அந்த ஆளிடமே கேட்டுவிடலாம்.

எங்கள் டெஸ்டர், அதாவது மென்பொருளை ஓட்டிப் பார்த்துப் பிழை தேடுகிறவர், ஒருவர் எகிப்தில் இருக்கிறார். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். மற்ற எங்களுக்குச் சனியும் ஞாயிறும். வியாழன் மாலை அவர் கிளம்பிவிட்டால் திங்கள் காலைதான் எல்லோரும் ஒன்றாகச் சேர முடியும். அவரை எடுக்கும்போது இதை ஒரு பெரிய குறையாகப் பேசினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் ப்ரோக்ராமில் கை வைப்பதில்லை. மணிக்கணக்கில் ஓடும் டெஸ்டுகளை அவர் தொந்தரவில்லாமல் ஓட்டிவிட்டு, நாங்கள் திங்கள் காலை வருவதற்குள் எது எங்கே உடைந்தது என்று எழுதி வைத்துவிடுகிறார். இப்போது ரிலீஸ் தேதியையே அந்த ஞாயிறை நம்பித்தான் போடுகிறோம். இதில் அவர் எகிப்தியர் என்பதற்கு ஒரு பங்கும் இல்லை. கெய்ரோவில் குடியிருக்கும் ஜெர்மன்காரரை எடுத்திருந்தாலும் அதே ஞாயிறு கிடைத்திருக்கும். ஜெர்மனியில் குடியேறிய எகிப்தியரை எடுத்திருந்தால் கிடைத்திருக்காது.

அடுத்தது அந்தச் சிரிப்புக்காரர் சமாசாரம். போன முறை ஆள் தேர்வின்போது ஒரு சீனியர் சொன்னார்: "அந்த நாட்டு ஆளுங்க முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லவே மாட்டாங்க. கடைசி வாரத்துலதான் குட்டு வெளிப்படும்." அவர் எந்த நாட்டைச் சொன்னார் என்பது முக்கியமில்லை. இதே வசனத்தை வேறு வேறு நாடுகளைப் பற்றி வேறு வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டாயிற்று.

'முடியாது' என்று சொல்லத் தெரியாத ஆள் டீமுக்கு ஆபத்து என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் இன்டர்வியூவில் அதையே சோதிக்கிறேன். மென்பொருளின் மூன்று பகுதிகளைக் காட்டி, யாராலும் முடிக்க முடியாத ஒரு கெடுவைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். சிலர் உடனே தலையாட்டுவார்கள். சிலர் எதை விட்டுவிடலாம் என்று கேட்பார்கள். ஒரு பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதி முடிக்கலாம், டெஸ்டிங் யார் செய்வார்கள்?" என்றார். அவரை எடுத்தோம். சீனியர் சொன்ன அதே நாடுதான். அதே நாட்டிலிருந்து வந்த இன்னொருவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவரை எடுக்கவில்லை.

ஒரே நாட்டு ஆட்கள் என்றால் புரிதல் தானாக வந்துவிடும் என்பதும் பெரிய மூடநம்பிக்கை. 1999-ல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தைச் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய் நாசா பறிகொடுத்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழு பவுண்டு அளவில் கொடுத்தது, இன்னொரு குழு அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுமே அமெரிக்கக் குழுக்கள். ஒன்று விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி, மற்றது நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாடு கணக்கில் வரத்தான் செய்கிறது. தனி ஆளை எடைபோடும்போது அல்ல, மொத்த டீமையும் அடுக்கிப் பார்க்கும்போது. டோரா லாவ், கீத் மர்னிகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் குழுக்களுக்குள் ஓடும் 'பிளவுக்கோடு' பற்றி எழுதினார்கள். நாடு, வயது, வேலை என்று வித்தியாசங்கள் தனித்தனியாகக் கலந்துகிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. எல்லா வித்தியாசமும் ஒரே இடத்தில் வந்து விழுந்தால் டீம் இரண்டாகப் பிளக்கும். எங்கள் பழைய ப்ராஜெக்ட் ஒன்றில் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு நாடு, டெஸ்டிங் செய்கிறவர்கள் எல்லோரும் இன்னொரு நாடு. செலவுக் கணக்குக்கு அது வசதி. ஆனால் ஒரு பிழை கிளம்பினால் போதும், அது ப்ரோக்ராமரின் பிழையாக இருக்காது, 'அவங்க' பிழையாகிவிடும். ஒரு பக்கத்துப் பேச்சு தனி வாட்ஸ்அப் குரூப்பில் அவர்கள் மொழியில் ஓடும், முடிவு மட்டும் எங்களுக்கு வந்து சேரும். இரண்டு டெஸ்டர்களை ப்ரோக்ராமர்கள் இருந்த நாட்டிலும் ஒரு ப்ரோக்ராமரை டெஸ்டர்கள் இருந்த நாட்டிலும் போட்ட பிறகுதான் அந்த 'அவங்க' கொஞ்சம் குறைந்தது. வாடிக்கையாளருக்குக் காட்டும் ஸ்லைடில் விதவிதமான கொடிகள் இருக்கட்டும் என்று ஆள் எடுப்பவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

சட்டம் வந்தால் பேச்சு மாறும். அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலே அது அவர் நாட்டுக்கு ஏற்றுமதி செய்த கணக்கு. அவர் அமெரிக்காவிலேயே பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். அங்கே நாடு பார்த்துத்தான் ஆகணும், நம் இஷ்டத்துக்கு விட முடியாது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும், அங்கே அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் இந்தத் தடை கிடையாது. 'வெளிநாட்டுக்காரர் வேண்டாம்' என்று மொத்தமாகக் கதவைச் சாத்துகிற கம்பெனி சட்டத்தைவிட ஒரு படி மேலே போய் நிற்கிறது.

2024 நவம்பர் இறுதியோடு ஐரோப்பாவின் அணுத்துகள் ஆய்வுக்கூடமான சேர்ன் ரஷ்யாவோடு இருந்த ஒத்துழைப்பை முடித்துக்கொண்டது. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. நான் கவனித்தது, யார் உள்ளே யார் வெளியே என்ற எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதை. ரஷ்ய நிறுவனங்களின் பெயரில் வந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. வேறு நாட்டு நிறுவனங்களில் இருந்த ரஷ்யக் குடிமக்கள் வேலையைத் தொடர முடிந்தது. அதற்கு முந்தைய மாதம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களின் பட்டியலிலிருந்து ரஷ்யாவோடு தொடர்புடைய சிலர் பெயரை நீக்கியபோது முதலில் சொன்ன காரணம் மொட்டையாக இருந்தது. பெரிய சண்டை கிளம்பியது. தடைப்பட்டியலில் உள்ள கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்தான் குறி என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

ரகசியம் காக்கணும், அதனால் சொந்த நாட்டு ஆள் போதும் என்பார்கள். 1942 டிசம்பரில் அமெரிக்காவின் ரகசிய அணுகுண்டுத் திட்டத்துக்காகச் சிகாகோவில் முதல் அணு உலையை இயக்கிய குழுவுக்குத் தலைமை என்ரிகோ ஃபெர்மி. அப்போது அவர் இத்தாலியக் குடிமகன், இத்தாலியோ அமெரிக்காவோடு போரில் இருந்த நாடு. அதே அணுகுண்டுத் திட்டத்தின் ரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்தவர்களில் தியோடர் ஹால் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர்.

பாஸ்போர்ட் நேரடியாகக் கையைக் கடிக்கிற இன்னொரு இடம் பயணம். எல்லோரும் நேரில் கூடும் வாரத்துக்குச் சிலர் டிக்கெட் எடுத்தால் போதும், சிலர் வங்கிக் கணக்கு விவரத்தோடு தூதரக வாசலில் நிற்கணும். விசா கிடைக்காதவர் அந்த வாரம் முழுக்க லேப்டாப் திரையில் சின்னக் கட்டமாக உட்கார்ந்திருப்பார். அதற்காக அவரை ஆரம்பத்திலேயே எடுக்காமல் விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் கேட்டது வேறு: யாருக்கு விசா கடினமோ அவர் சுலபமாக வரக்கூடிய நகரத்தில் கூட்டத்தை வைப்போம், அவருக்கு விசா கிடைத்த பிறகு மற்றவர்கள் டிக்கெட் எடுக்கட்டும். எங்கள் டைரக்டர் இதற்கு இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. நல்ல ஹோட்டல் இருக்கிற நகரமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த மீட்டிங்கில் மறுபடி கேட்கப்போகிறேன்.