ஃபில்லர் போடும் முன் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய், கன்சல்டேஷன் ஃபீஸ் கட்டிவிட்டு ஊசி போடாமலேயே திரும்பிய எரிச்சல் இன்னும் போகவில்லை.

மூக்கோரத்திலிருந்து வாய் வரை விழும் கோட்டுக்குத்தான் ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஊசியால் செலுத்திப் பள்ளத்தை நிரப்பும் ஜெல். எல்லாரையும் போல நானும் கூகுளில் செலவு எவ்வளவு, வலிக்குமா, வீக்கம் எப்போது வடியும் என்றுதான் தேடினேன். கரைக்க முடியுமா என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது: ஹையலுரானிக் ஆசிட் ஃபில்லராக இருந்தால் ஹையலுரானிடேஸ் ஊசி போட்டுக் கரைக்கலாம், ரேடியஸ் (Radiesse) என்ற பிராண்ட் மாதிரி கால்சியம் வகை அதற்குக் கரையாது.

அதனால் ரிசப்ஷனிலேயே என்ன மருந்து என்று கேட்டேன். "இம்போர்ட்டட் மேடம்." எந்த கம்பெனி? "டாக்டர் சொல்லுவாங்க மேடம்." உள்ளே போனால் "நெட்ல கண்டதையும் படிச்சுப் பயப்படாதீங்க" என்று ஒரு சிரிப்பு. டிரேயில் வந்த சிரிஞ்சுக்குப் பெட்டியும் இல்லை, லேபிளும் இல்லை. கேட்டதற்கு நேற்றே பிரித்துவிட்டார்களாம்! யாருக்குப் போட்ட மீதியோ. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கட்டிய ஃபீஸ் அவ்வளவுதான்.

அப்புறம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தோல் டாக்டர். மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ரத்தம் கன்றுவதைக் கூட்டும் என்பதால் ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று அவரே கேட்டார். 1 மில்லி சிரிஞ்ச் பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, எக்ஸ்பயரி தேதியைப் படிக்கச் சொல்லி, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரை உரித்து என் ஃபைலில் ஒட்டினார். ஊசி போட்டது சீக்கிரமே முடிந்துவிட்டது.

ஆனால் "இன்னைக்கு மலை ஏறாதீங்க, சேலத்துலயே தங்குங்க" என்றார். ஃபில்லர் ரத்தக் குழாயை அடைத்தால் தோல் வெளுக்கும், வலி கூடிக்கொண்டே போகும், வலை பின்னியது மாதிரி நீலம் படரும். உடனே வந்து கரைக்க வேண்டும். பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. கன்னத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் நிறம் சட்டென்று திரும்ப வேண்டும் என்று செய்து காட்டினார். அஸ்தம்பட்டியில் அத்தை வீட்டுக் கண்ணாடி முன் அன்று ராத்திரி அதே வேலையாக இருந்தேன். "ஏன்டி கன்னத்தைக் குத்திக்கிட்டே நிக்கிற?" என்று அத்தை கேட்டுக்கேட்டு அலுத்துப் போனார்.

வீக்கமும் கன்றிய இடமும் தானாக அடங்கின. நீங்கள் போவதாக இருந்தால் போனிலேயே "ஹையலுரானிடேஸ் கிளினிக்கில் ஸ்டாக் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இழுத்தார்கள் என்றால் பஸ் காசாவது மிச்சம்.