துளை இருந்தாலும் மைசீனாதான்: பாலிக் புலாவில் ஒரு காளானுக்குப் பெயர் தேடிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காளானைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வைக்கும் கவுண்டரில் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காகிதப் பைதான் சரி.

பினாங்கின் பாலிக் புலாவில் மாமாவின் டுரியான் தோட்டம். விழுந்து கிடந்த ஒரு கட்டையில், மழைக்கு அடுத்த நாள், கொத்துக் கொத்தாக வெள்ளைக் காளான். குடை ஒவ்வொன்றும் ஐந்து காசு அளவுதான். கட்டை வெளுத்து, விரலால் இழுத்தால் நார்நாராக வந்தது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் தின்று தீர்க்கும் வெள்ளை அழுகல். போன் செயலி மேல்பக்கப் படத்தைப் பார்த்து "மைசீனா" என்றது, அது ஒரு காளான் பேரினம். கவிழ்த்துப் பார்த்தால் குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கவேண்டிய செவுளே இல்லை, தேன்கூடு போலத் துளைகள்! உயிரியல் பாடம் எடுத்த ஓர் அண்ணன், "துளை இருந்தா மைசீனா கிடையாது தம்பி" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

சரி, ஆய்வகத்தில் கேட்போம் என்று மலைவளைவெல்லாம் சுற்றி இறங்கினேன். எந்த ஆய்வகம் என்பது வேண்டாம். வெள்ளிக்கிழமை, தொழுகை இடைவேளை முடியும்வரை வாசலில் காத்திருப்பு. திறந்ததும் முதல் கேள்வி, "சூராட் இருக்கா?" தனியாளுக்கு எங்கிருந்து நிறுவனக் கடிதம் வரும்? நிறையப் பேசிய பிறகு நிரப்பச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினார்கள். நான் காகிதப் பையில் கொண்டுபோனதை கவுண்டரில் இருந்த அம்மா ஜிப் பைக்கு மாற்றி இறுக்கி மூடினார். "பேப்பர் நனைஞ்சிடும், அதிகாரி திங்கக்கிழமை பார்ப்பார்." திங்களன்று பைக்குள் பழுப்புக் கூழ். "ரோசாக் லா, கெட்டுப்போச்சு, புதுசா கொண்டாங்க" என்றார், சாவகாசமாக. பாரத்தை மட்டும் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார்கள்.

அதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே கறுப்புத் தாளில் குடையைக் கவிழ்த்து, மேலே கண்ணாடிக் கோப்பையை மூடி இரவு முழுக்க விட்டேன். காலையில் தாளில் உதிர்ந்த வித்துகளின் வெள்ளைத் தடம். கறுப்புத் தாள் முக்கியம். வெள்ளைத் தாளில் இது கண்ணுக்கே தெரியாது. அடுத்து காம்பு. இதோடு குழம்பக்கூடிய பனெல்லஸ் பூசில்லஸ் என்ற காளானுக்கும் அடியில் துளைகள்தான், ஆனால் அது விசிறி போலச் சின்னது, காம்பு ஓரத்தில் குட்டையாக ஒட்டியிருக்கும். என்னுடையதில் காம்பு நடுவில், நீளமாக. நனைந்த குடையின் மேலேயே துளைகளின் வலை தெரிந்தது. ஃபிலோபொலீட்டஸ் மேனிப்யூலாரிஸ்!

ஆனால் அந்தப் பெயரைத் தேடினால் மைசீனா மேனிப்யூலாரிஸ் என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றேதான். ஆங்கிலேயக் காளான் அறிஞர் பெர்க்லி 1854-இல் பெயர் வைத்தபோது துளைகளைப் பார்த்து ஃபேவோலஸ் என்ற துளைக்காளான் பேரினத்தில் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் இது மைசீனாவின் சொந்தக்காரன் என்று மாற்றினார்கள். ஆக, செயலி சொன்னது பேரினம்வரை சரி. அண்ணனிடம் இதைச் சொன்னேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த இனம் இருட்டில் ஒளிரும். எல்லாக் கொத்தும் ஒளிராது, அதனால் வெளிச்சம் வரவில்லை என்று இனத்தை நிராகரித்துவிடாதீர்கள். நானும் மாமாவும் டார்ச்சை அணைத்துக் காத்திருந்தோம். முதல் கொத்தில் ஒன்றுமில்லை. "வெட்டி வேலைடா" என்று அவர் எழுந்தபோதுதான் கட்டையின் மறுபக்கம் பச்சையாகத் தெரிந்தது. உடனே, "இதச் சாப்பிட்டா நம்மளும் மின்னுவோமா?" என்று ஒரு கேள்வி. கூடவே கூடாது என்றேன்.

போகிறவர்களுக்கு: கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது கொடுங்கள், நடுவில் போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. போனைக் கையில் பிடித்தால் படம் கலங்கும். கல்லில் சாய்த்து, 30 விநாடி வெளிச்சம் வாங்க விடுங்கள். அடிப்பக்கம், காம்பு, கட்டை மூன்றையும் பகலிலேயே எடுத்துவிடுங்கள். டுரியான் பருவம் என்றால் தலைக்கு ஹெல்மெட்டும் வேண்டும்.