கறுப்பு ஒயர் எதற்கு? பழைய கேரவன் வேனைச் சீர்செய்த அனுபவம்

படுக்கை, சமையல் மேடை, சிறு ஃபிரிட்ஜ் ஆகியவை பொருத்தப்பட்ட பழைய கேரவன் வேன் ஒன்றைப் புதுச்சேரியில் வாங்கினோம். ஓட்டத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால், தண்ணீர் பம்பைப் போட்டால் விளக்குகள் மங்கின, மின்விசிறியும் தளர்ந்து சுற்றியது. காரணம் தேடிப் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றியபோது, உள்ளே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் செய்த வேலை தெரிந்தது. வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை.

இத்தகைய வண்டியில் பேட்டரியின் 12 வோல்ட் டிசி (நேர்மின்னோட்டம்) ஒருபுறமும், வெளி பிளக்கிலிருந்தோ இன்வெர்ட்டரிலிருந்தோ வரும் 230 வோல்ட் ஏசி (மாறுமின்னோட்டம்) மறுபுறமும் ஓடுகின்றன. எஞ்சின் பக்கத்து வேலையில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். 230 வோல்ட் இணைப்பைக் கொடுத்தவர் நம் வீட்டு வழக்கப்படி சிவப்பைப் ஃபேஸுக்கும் கறுப்பை நியூட்ரலுக்கும் இழுத்திருந்தார். முந்தைய உரிமையாளர் அமெரிக்காவிலிருந்து தருவித்த பியூஸ் பெட்டியிலோ கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். அந்நாட்டு வீடுகளில் கறுப்புதான் ஃபேஸ் என்பதால், அங்குள்ள கேரவன்களில் இவ்வழக்கம் பரவலாக உண்டு. ஆக, ஒரே வண்டியில் கறுப்பு ஒயருக்கு மூன்று வேலைகள்.

"கலரை நம்பிக் கை வைக்காதீங்க சார், மீட்டர் சொல்றதை மட்டும் கேளுங்க" என்றார் அரியாங்குப்பத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன். பேட்டரியையும் பிளக்கையும் இன்வெர்ட்டரையும் முற்றிலும் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரின் பீப் ஒலியைக் கொண்டு ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளையும் கண்டுபிடித்து, எண் ஒட்டி, நோட்டில் வரைந்துகொண்டே போனோம். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் இதற்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விளக்கு மங்கிய காரணம், மைனஸை வண்டியின் உலோக உடலோடு இணைக்கும் பாடி எர்த் போல்ட்டில் இருந்தது. பம்பு, விளக்கு, விசிறி மூன்றின் மைனஸும் அந்த ஒரே போல்ட்டில் சேர்ந்திருக்க, வீராம்பட்டினம் கடற்கரையோரம் நின்ற காலத்தில் உப்புக்காற்று அதைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. பம்பு நிற்கையில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். அதை ஓடவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் அந்தப் போல்ட்டில் இறுக்கிய லக்குக்கும் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) இடையே அளந்தபோது ஏறக்குறைய 2 வோல்ட் காட்டியது. அந்த அளவு மின்னழுத்தம் துருவிலேயே வீணாகி, விளக்குக்கும் விசிறிக்கும் குறைந்துபோயிருந்தது. மூன்றுக்கும் தனித்தனி மைனஸ் ஒயர் இழுத்து, பேட்டரி அருகே ஒரு உலோகப் பட்டையில் சேர்த்தோம்.

ஃபிரிட்ஜுக்கு 1.5 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள ஒயர் போயிருந்தது. போக வர 10 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் ஓடினால் அதில் 1 வோல்ட்டுக்கு மேல் இழப்பாகும். 230 வோல்ட்டில் பொருட்படுத்த வேண்டாத அந்த இழப்பு, 12 வோல்ட்டில் ஃபிரிட்ஜையே நிறுத்திவிடக்கூடும். அதனால் 4 சதுர மி.மீ. ஒயருக்கு மாறினோம். மெல்லிய விளக்கு ஒயர் ஒன்றில் 30 ஆம்பியர் பியூஸ் இருந்ததைப் பார்த்தபோதுதான் உண்மையில் அச்சம் வந்தது: பியூஸ் ஒயரைக் காப்பதற்கானது, கோளாறு வந்தால் அங்கே பியூஸுக்கு முன்பே ஒயர் எரிந்திருக்கும்.

230 வோல்ட் பகுதியை உரிமம் பெற்றவரிடம் விட்டோம். அவர் அந்த ஒயர்களைத் தனிக் குழாயில் பிரித்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தி, வண்டியின் உடலை எர்த்துடன் இணைத்தார். அமெரிக்கப் பியூஸ் பெட்டி நன்றாக வேலை செய்வதால் அதை மாற்றவில்லை. அதன் கறுப்பு ஒயர்களின் இரு முனைகளிலும் சிவப்பு உறை ஏற்றிவிட்டோம்.