திடீரென்று வரும் சந்தேகம்

வயது போன ஒருவர், மருமகள் சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறாள் என்றோ வேலிக்கு அப்பால் ஆட்கள் நின்று தன்னைக் கவனிக்கிறார்கள் என்றோ திடீரெனச் சொல்லத் தொடங்கினால், யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் எழும் எண்ணம் செய்வினை; அடுத்தது விசர். இரண்டுக்கும் முன்னர் கேட்க வேண்டியது, அவருக்குச் சலம் (சிறுநீர்) ஒழுங்காகப் போகிறதா என்பதே.

என் பெரியம்மா பகலில் ஓரளவு தெளிவாகப் பேசுவார். பொழுதுபட்டதும் சுவரில் பூச்சி ஊர்கிறது என்றும், காணி உறுதியைக் களவெடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றும் பதறுவார். கோயிலில் நூல் கட்டுவித்தார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. அன்றைக்கே சலமும் இரத்தமும் சோதிக்கப்பட்டதே முக்கியம். சலத்தில் கிருமித்தொற்று இருந்தது, இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. பிரஷருக்கு அவர் எடுத்துவந்த, சலத்தைப் போக்கும் குளிசையும் அதற்கு ஒரு காரணம் என்றார் டொக்டர். இரண்டையும் சரிசெய்த பின்னர் சந்தேகமும் படிப்படியாக அகன்றது.

சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தொடங்குதல், ஒரு நாளுக்குள்ளேயே கூடிக் குறைதல், கவனம் நிலைகொள்ளாமை, குரல்கள் கேட்பதைவிட உருவங்கள் தெரிதல் ஆகியவை உடல்நோயைச் சுட்டும் அடையாளங்கள். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளவயதில் தொடங்குவது. ஆகவே எழுபது வயதில் முதன்முறையாக வரும் சந்தேகத்தை அந்தப் பெயரால் அழைக்க அவசரப்படக் கூடாது.

காரணங்கள் இத்துடன் முடிவதில்லை. தைரொயிட் சுரப்புக் குறைவால் புத்தி பேதலித்த 14 பேரைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1949இலேயே எழுதினார். பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரருக்கு விற்றமின் பி12 குறையலாம்; நம் குடும்பங்களில் இதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆஸ்மாவுக்கான பிரெட்னிசலோன், பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகள், கஞ்சா, ஐஸ் எனும் போதைப்பொருள், நெடுநாள் குடித்தவர் சாராயத்தைச் சட்டென நிறுத்துதல் ஆகியவற்றாலும் இது வரலாம். இளம் பெண்களில் சூலகக் கட்டியோடு சேர்ந்து வரும் ஒருவகை மூளையழற்சி, 2007இல்தான் தெளிவாக இனங்காணப்பட்டது.

வீட்டுக்குள் சிறுபிள்ளைகளோ விலங்குகளோ நிற்பதாகத் திரும்பத் திரும்பக் காணும் முதியவருக்கு லூவி உடல் மறதிநோய் (மூளையில் ‘லூவி உடல்’ எனும் புரதத் திரள்கள் சேர்வதால் வருவது) இருக்கக்கூடும். அத்தகையவருக்கு ஹலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்து கடும் உடல் விறைப்பையும், சிலவேளை உயிராபத்தையும் உண்டாக்கும் என்பதால், அவர் எதைக் காண்கிறார், நடை தளர்ந்திருக்கிறதா என்பவற்றைக் குளிசை எழுதும் முன்னரே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.