மதமும் தேசிய அடையாளமும்: அந்தக் கேள்விக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. அரசியல் அறிவியலில் அடிக்கடி வரும் கேள்விதான், "அரசியல் தலைவர்கள் மதத்தைத் தேசிய அடையாளத்தோடு எப்படி இணைக்கிறார்கள்?" முதல் தடவை நான் இஸ்ரேல், இலங்கை, துருக்கி, பாகிஸ்தான் என்று நாட்டுக்கு ஒரு பத்தி எழுதினேன். 15க்கு 6. ஓரத்தில் பேராசிரியர், "'எப்படி' எங்கே?" என்று எழுதியிருந்தார். யார் என்ன பேசினார்கள் என்று எழுதியிருந்தேனே தவிர, அந்தப் பேச்சு சட்டமாக மாறிய வழியை எழுதவே இல்லை.

அடுத்த தடவை பாகிஸ்தானை மட்டும் எடுத்துக்கொண்டேன். குடிமகனின் மதம் எதுவானாலும் அரசுக்கு அதில் வேலையில்லை என்ற பொருளில் பாகிஸ்தானை நிறுவிய ஜின்னா பேசியது 1947 ஆகஸ்ட் 11. அவர் மறைந்த மறு ஆண்டே, 1949 மார்ச்சில், பிரதமர் லியாகத் அலி கான் அரசமைப்பு அவையில் கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானம் (வரப்போகும் அரசமைப்பின் அடிப்படைக் கொள்கைகளைச் சொன்னது) இறையாண்மை அல்லாஹ்வுக்கே உரியது என்று தொடங்கியது. (நேருவின் 1946 தீர்மானத்துக்கும் இதே பெயர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்து உறுப்பினர்கள் கொண்டுவந்த திருத்தங்கள் எல்லாம் தோற்றன.

ஆனாலும் அந்தத் தீர்மானத்தில், சிறுபான்மையினர் தங்கள் மதத்தைச் 'சுதந்திரமாக' பின்பற்ற ஏற்பாடு செய்யப்படும் என்று ஒரு வரி இருந்தது. 1985இல் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் 2ஏ பிரிவு மூலம் தீர்மானத்தை அரசமைப்பின் செயல்படும் பகுதியாகவே ஆக்கினார், அப்போது இணைப்பில் அச்சான பிரதியில் 'சுதந்திரமாக' என்ற அந்த ஒரு சொல்லைக் காணோம். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்து மூன்று முறை பார்த்தேன், அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. 2010இல் பதினெட்டாவது திருத்தம் வந்துதான் அந்தச் சொல் திரும்பியது.

இந்த ஒரு சொல்லின் கதையை வைத்தே பாதி விடை எழுதலாம். ஆனால் பழி முழுவதையும் ஜியா மேல் போட்டுவிடாதீர்கள், நிறைய பேர் செய்யும் தப்பு அது. தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லும் அகமதியா பிரிவினரை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்த இரண்டாவது திருத்தம் 1974இல் வந்தது. அப்போது பிரதமர் பூட்டோ, தேர்தலில் வென்று வந்தவர். தெருவில் போராட்டம் வலுத்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமே யார் முஸ்லிம் என்று முடிவுசெய்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வங்கதேசத்தைச் சேருங்கள். 1988இல் அதிபர் எர்ஷாத் இஸ்லாமை அரச மதமாக்கினார், 2011 திருத்தம் மதச்சார்பின்மையைத் திரும்பக் கொண்டுவந்தது, அரச மதத்தையோ தொடவில்லை. பாகிஸ்தானை எழுதி முடித்த பிறகு இதற்கு நாலு வரி போதும்.